கொழும்பில் பிறந்த இந்தியப் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு: முதல் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து இங்கேயே பிள்ளை பெறும் குடும்பங்களை வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் பார்க்கிறோம். கணினி நிறுவனங்களில் இருப்பவர்கள், வங்கி அதிகாரிகள், செட்டியார் தெருவில் நகை வேலை செய்பவர்கள், கோயில் குருக்கள்மார், நாதஸ்வர, தவில் கலைஞர்கள் என்று பலதரப்பட்டவர்கள். பிள்ளையின் பேப்பர் வேலை என்று வந்ததும் இவர்களில் பலர் இரண்டில் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பில் பிறந்ததால் பிள்ளை இலங்கைப் பிரஜை என்பது ஒன்று. தாய் தகப்பன் இருவரும் இந்தியர் என்பதால் பிள்ளையும் தானாகவே இந்தியர், அவசரப்பட ஒன்றுமில்லை என்பது மற்றது. இரண்டுமே பிழை. இரண்டாவது நம்பிக்கைதான் அதிகம் வில்லங்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

சட்டம் சொல்வது

இலங்கை மண்ணில் பிறந்தால் மட்டும் பிரஜாவுரிமை கிடைக்காது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, பிள்ளை பிறக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். இந்தியத் தம்பதிக்குக் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் பிறக்கும் பிள்ளைக்கு இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் உண்டு, இலங்கைக் கடவுச்சீட்டு கிடையாது.

இந்தியப் பக்கத்தில் பார்க்க வேண்டியது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. இந்தியாவுக்கு வெளியே பிறக்கும் பிள்ளை வம்சாவளியால் குடியுரிமை பெறுவதைப் பற்றியது அது. 2003இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2004 டிசம்பர் 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பிறகு, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பு ஓராண்டுக்குள் அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். பதியாவிட்டால் அந்தப் பிரிவின்படி பிள்ளை இந்தியக் குடிமகன் அல்ல. ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலங்கை உங்கள் பிள்ளையைத் தன் பிரஜையாக எடுக்காது. நீங்கள் பதியும் வரை இந்தியாவும் எடுக்காது. அதுவரை பிள்ளைக்கு எந்த நாடும் இல்லை. இது எங்கள் நாட்டில் வெறும் சட்டப் பேச்சு அல்ல. அதே 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மிச்சமிருந்தவர்களின் சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கையில் ஒரு கடதாசி இல்லாததால் தலைமுறைகள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் நாங்கள். ஒரு வருடத்தில் முடிக்கக்கூடிய வேலையை யாராவது பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடும்போது எனக்குப் பதறுவது அதனால்தான்.

பிள்ளை பிறக்கும் முன்பே

கர்ப்ப காலத்திலேயே முடித்துவிடக்கூடிய வேலைகள் உண்டு. பிள்ளை பிறந்த பிறகு அவற்றுக்கு நேரம் வாய்க்காது.

திருமணப் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அதற்கு ஈடாகாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்தவரின் திருமணமும் பதிவாக வேண்டும், ஆனாலும் பதியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அதைச் செய்துகொண்டு வாருங்கள். இந்தச் சான்றிதழ் இரண்டு இடத்தில் தேவைப்படும். இலங்கையில் பெற்றோர் விவாகமானவர்கள் அல்லர் என்றால், இருவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட்டால்தான் தகப்பன் பெயர் பிறப்புப் பதிவில் ஏறும். பிறகு இந்திய உயர் ஸ்தானிகராலயத்திலும், அதாவது கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்திலும், அதைக் கேட்பார்கள்.

பெற்றோர் இருவரின் கடவுச்சீட்டும் செல்லுபடியாக இருக்க வேண்டும். இன்னும் சில மாதங்களில் முடிவதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். பிள்ளையின் விண்ணப்பத்தில் பழைய இலக்கத்தை எழுதிவிட்டு நடுவழியில் புதிய கடவுச்சீட்டு வந்தால், கேள்விகளுக்குப் பதில் சொல்லியே நாள் போகும். வாழ்க்கைத் துணையின் பெயர் கடவுச்சீட்டில் இல்லாவிட்டால், புதுப்பிக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பெயரையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்று சோதிடர் சொல்லும்வரை காத்திருப்பது உங்கள் விருப்பம். ஆனால் பதிவாளர் முன்னால் நின்றுகொண்டு முடிவு செய்யக்கூடிய விஷயம் அல்ல அது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

பிறப்புப் பதிவு: நிதானம் வேண்டிய இடம்

மற்ற எல்லாப் படிகளும் இந்த ஒரு கடதாசியின் மீதுதான் நிற்கின்றன. இதில் விழும் ஒரு எழுத்துப் பிழை கடவுச்சீட்டு வரை கூடவே வரும்.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் அது காலங்கடந்த பதிவாகிப் பிரதேச செயலகம் வரை போகும். கூடுதல் விண்ணப்பமும் சாட்சியங்களும் தேவைப்படும். பதிவு நடப்பது நீங்கள் குடியிருக்கும் பகுதியில் அல்ல, பிள்ளை பிறந்த வைத்தியசாலை எந்தப் பதிவாளர் பிரிவுக்குள் வருகிறதோ அங்கே. வத்தளையில் குடியிருந்து நாரஹேன்பிட்டியில் பிள்ளை பெற்றால் நாரஹேன்பிட்டிக்குரிய பதிவாளரிடம்தான் போக வேண்டும். எங்கே, எந்த நாளில் போவது என்று வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் முன்பே தாதியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தியசாலை தரும் பிறப்பு அறிக்கை, இருவரின் கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ், இவற்றின் போட்டோ கொப்பிகள் எல்லாவற்றையும் ஒரே பைலில் வைத்துக் கொண்டுபோங்கள்.

பதிவாளர் சிங்களத்திலோ தமிழிலோ எழுதுவார். தமிழில் வேண்டுமென்றால் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தப் பிரிவில் சிங்களத்தில்தான் எழுத முடிகிறது என்றால் அதற்காக நாட்களைக் கடத்த வேண்டாம், மொழிபெயர்ப்பில் சரிசெய்துகொள்ளலாம். எந்த மொழியில் எழுதினாலும், கையொப்பமிடும் முன் படிவத்தின் ஒவ்வொரு கூட்டையும் (கட்டத்தையும்) வாசித்துப் பாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவோ ஒபிஸ் நண்பரோ மறுக்க மாட்டார்கள்.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை: பெற்றோர் பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எஸ். கார்த்திக், ஆர். மீனா என்று தலைப்பெழுத்தோடு வாழ்ந்து பழகியிருப்பீர்கள். இந்தியக் கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து ஏறாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே ‘சுப்பிரமணியன் கார்த்திக்’ என்று இருந்தால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மனைவியின் கடவுச்சீட்டில் அவருடைய தகப்பன் பெயர் இருக்க, இங்கே கணவன் பெயரைச் சேர்த்து எழுதினால், இருவரும் ஒருவரே என்று பிறகு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டி வரும்.

பிள்ளையின் பெயர் எழுதும் வரி ஒன்றுதான். இந்தியக் கடவுச்சீட்டில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு இன்னொரு கட்டம். இலங்கை வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால் வரும். நீங்கள் பிள்ளையின் பெயரை முன்னால் வைக்க விரும்பினால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். எது முன்னால் வந்தாலும் தகப்பன் பெயரையும் சேர்த்துவிடுங்கள். ‘கவின்’ என்று ஒற்றைச் சொல்லில் பதிந்துவிட்டு, கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் இரண்டு சொல் எழுதினால், அந்த இரண்டாவது சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

இனம் என்று ஒரு கூடு இருக்கும். அதில் ‘இந்தியத் தமிழ்’ என்று எழுதுவார்கள். இலங்கைப் பிரஜைகளான மலையக மக்களுக்கும் பதிவேடுகளில் அதே சொல்தான். ஆகையால் பெற்றோரின் நாட்டுரிமைக்கு அதை அத்தாட்சியாக யாரும் எடுக்க மாட்டார்கள். பாட்டன் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கும் கூடும் பலரைக் குழப்புகிறது. நீலகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வருபவர்கள் சிலரின் பாட்டனார் உண்மையாகவே ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பிறந்து, ஒப்பந்தப்படி இந்தியா போனவராக இருப்பார். இருந்தால் உள்ளதை எழுதுங்கள். அதனால் பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்துவிடாது, இந்தியக் குடியுரிமைக்கும் பாதகமில்லை. இல்லையென்றால் அந்தக் கூடு வெறுமையாகவே இருக்கட்டும்.

சான்றிதழ் கிடைத்ததும் அத்தாட்சிப்படுத்திய கூடுதல் பிரதிகள் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் கட்டணம் கட்டினால் தருவார்கள். நாடு திரும்பிய பிறகு இதற்காக இன்னொரு முறை கடல் கடக்க வேண்டி வராது.

மொழிபெயர்ப்பில் நுழையும் எழுத்துப் பிழைகள்

தமிழ்ச் சான்றிதழோ சிங்களச் சான்றிதழோ, ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். அதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்ய வேண்டும். கொமியூனிகேஷன் கடையில் தட்டச்சு செய்து வாங்கியதை ஏற்கமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளரிடம் வெறும் சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பெற்றோர் இருவரின் கடவுச்சீட்டுப் பிரதியையும், பிள்ளையின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி வேண்டும் என்று எழுதிய துண்டையும் சேர்த்துக் கொடுங்கள். காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘ழ’வுக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்துப் போடுவீர்கள். இங்கே பெரும்பாலும் எல் போடுவார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கயல்விழி கயல்விலியாகவும் யாழினி யாலினியாகவும் கடவுச்சீட்டுக்குப் போவார்கள். சிங்களத்தில் பதிந்திருந்தால் ‘ழ’ என்ற எழுத்தே அங்கு இல்லாததால் மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கவும் வழியில்லை. ‘த’வுக்கும் அப்படித்தான். உங்கள் ஊரில் தர்ஷினியை டி, எச் போட்டுத் தொடங்குவார்கள், இங்கே டீ, எச் என்று ‘தமிழ்’ தொடங்கும் எழுத்தால் தொடங்குவார்கள். இரண்டு வழக்கமும் அந்தந்த ஊரில் சரியானவை. ஆனால் தகப்பனின் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் பிள்ளையின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் வேறு விதமாகவும் இருந்தால், விமான நிலையத்திலும் பள்ளிக்கூட அனுமதியிலும் விளக்கம் சொல்வது நீங்கள்தான்.

திகதியையும் பாருங்கள். இலங்கையில் ஆண்டு முன்னால், பிறகு மாதம், பிறகு நாள். இந்திய விண்ணப்பத்தில் நாள் முன்னால். 2025.03.04 என்பதை ஒருவர் மார்ச் 4 என்றும் இன்னொருவர் ஏப்ரல் 3 என்றும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. மொழிபெயர்ப்பில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள்.

தூதரகத்தில் பிறப்பைப் பதிதல்

கடவுச்சீட்டு விண்ணப்பமும் பிறப்புப் பதிவு விண்ணப்பமும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிறப்புப் பதிவுதான் பிள்ளையை இந்தியக் குடிமகனாக்குகிறது. கடவுச்சீட்டு அதற்குப் பிறகு வருவது.

இதற்கான படிவம் 2009ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளின் படிவம் 1. இந்திய உள்துறை அமைச்சின் குடியுரிமை இணையத்தளத்தில் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, அச்செடுத்து, பெற்றோர் இருவரும் கையொப்பமிட வேண்டும். பிள்ளையிடம் வேறெந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி கொடுப்பது கட்டாயம். அந்த உறுதிமொழி இல்லாமல் பதிவு செய்யச் சட்டமே இடங்கொடுப்பதில்லை.

இந்திய உயர் ஸ்தானிகராலயம் கொழும்பு 3இல் காலி வீதியில், காலிமுகத்திடலைத் தாண்டியவுடன் இருக்கிறது. கண்டியில் உதவி உயர் ஸ்தானிகராலயமும், யாழ்ப்பாணத்திலும் ஹம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகங்களும் உண்டு. கொழும்பில் இருப்பவர்கள் கொழும்பிலேயே வேலையை முடிக்கலாம். விண்ணப்பத்தை எந்தக் கருமபீடத்தில், எந்த நேரத்தில் ஏற்கிறார்கள், அன்றைய கட்டணம் எவ்வளவு என்பதை உயர் ஸ்தானிகராலயத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்ன தொகையை நம்பிப் போக வேண்டாம்.

பைலில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியும் ஆங்கில மொழிபெயர்ப்பும், பெற்றோர் இருவரின் கடவுச்சீட்டும் வீசாப் பக்கங்களும், திருமணச் சான்றிதழ், கொழும்பில் வசிப்பதற்கான அத்தாட்சி, பிள்ளையின் படங்கள். வசிப்பதற்கான அத்தாட்சிக்கு வீட்டு வாடகை ஒப்பந்தமும் வேலைத்தளத்திலிருந்து ஒரு கடிதமும் போதுமானதாக இருக்கும். லைட் பில் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். எல்லாவற்றிலும் மூலப் பிரதியும் கொப்பியும் தனித்தனியே அடுக்கி வையுங்கள். மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

எப்போது போவது? சட்டம் ஒரு வருடம் தருகிறது. என் ஆலோசனை, பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகும் முன் கொடுத்துவிடுங்கள் என்பதே. திருத்தம் ஏதும் சொன்னால் அதைச் செய்து திரும்பக் கொடுக்க அவகாசம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் பதிவாளர் பக்கம் அதைத் திருத்தவே வாரங்கள் ஓடும்.

ஓராண்டு கடந்துவிட்டதா? கதவு மூடிவிட்டது என்று இடிந்துபோக வேண்டாம். தாமதத்துக்கான காரணத்தை எழுதி, ஆதாரங்களோடு அதே வழியில் விண்ணப்பிக்கலாம். அது டில்லிக்குப் போய் அனுமதி வர வேண்டும், பல மாதங்கள் இழுக்கும். காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். தாயின் நோய், பிள்ளையின் சிகிச்சை, வேலை இழப்பு என்று எதுவானாலும் அதற்குரிய கடதாசியை இணையுங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியது. ‘எதற்கு இவ்வளவு அலைச்சல், ஊரில் வீட்டில் பிறந்ததாகச் சொல்லிப் பேரூராட்சியில் ஒரு சான்றிதழ் எடுத்துவிடலாம்’ என்று ஊர்ப் பெரியவர்கள் அன்பினால் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறப்பிடம் இருக்க முடியாது. பொய்த் தகவல் கொடுத்துக் கடவுச்சீட்டு எடுப்பது 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கொழும்பு வைத்தியசாலைப் பதிவேட்டில் தாயின் பெயர் இருக்கிறது. அந்தப் பொய் என்றைக்காவது வெளியே வந்தால் அதன் பாரம் விழுவது ஒன்றுமறியாத பிள்ளையின் தலையில்.

கடவுச்சீட்டு விண்ணப்பம்

வெளிநாட்டு இந்தியத் தூதரகங்களுக்கான கடவுச்சீட்டுச் சேவை இணையத்தளத்தில் பிள்ளையின் பெயரில் கணக்குத் திறந்து விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான சம்மதப் பத்திரம் ‘இணைப்பு டி’. அதில் பெற்றோர் இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒருவரின் சம்மதம் பெற முடியாத நிலையில் மற்றவர் கொடுப்பது ‘இணைப்பு சி’. கணவன் வேலை விஷயமாக வேறு நாட்டில் இருந்தால் அது ‘சம்மதம் பெற முடியாத நிலை’ ஆகாது, அவருடைய கையொப்பத்தை அங்கிருந்து முறையாகப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

தாயின் கடவுச்சீட்டிலேயே பிள்ளையின் பெயரைச் சேர்க்கும் பழைய வழக்கம் இப்போது இல்லை. ஒரு மாதப் பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டுத்தான்.

கைக்குழந்தையைப் படம் எடுப்பதுதான் தாய்மார் அதிகம் அலுத்துக்கொள்ளும் வேலை. வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருப்பவரின் கை தெரியக்கூடாது. பால் குடித்து நிறைவாக விழித்திருக்கும் நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளை விரிப்பின் மேல் கிடத்தி, நேர் மேலிருந்து எடுத்தால் நன்றாக வரும். தலையின் நிழல் விரிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெற்றிப் பொட்டையும் கன்னத்து மையையும் படம் எடுக்கும் நேரம் மட்டும் துடைத்துவிடுங்கள், முகம் இயல்பாக முழுதும் தெரியட்டும். கடவுச்சீட்டுப் படம் எடுத்துப் பழகிய ஸ்டூடியோக்காரரிடம் ‘இந்தியப் பாஸ்போட்டுக்கு’ என்று சொல்லுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கான முறை வேறு.

கையொப்பக் கட்டத்தில் பெற்றோர் கையொப்பமிடக் கூடாது. பிள்ளையின் பெருவிரல் அடையாளம் வைக்க வேண்டும், ஆண் பிள்ளைக்கு இடது கை, பெண் பிள்ளைக்கு வலது கை. பிள்ளை தூங்கும்போது செய்யுங்கள். மை அதிகமானால் அப்பிவிடும், அதனால் முதலில் வெற்றுத்தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டு பிறகு படிவத்தில் வையுங்கள்.

சிறு பிள்ளைக்குக் கொடுக்கும் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். கையில் வந்ததும் அங்கேயே நின்று பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட வேண்டாம்.

பத்தரமுல்லைக்கும் போக வேண்டும்

புதிய கடவுச்சீட்டில் எந்த முத்திரையும் இருக்காது. பிள்ளை இந்த நாட்டுக்குள் எல்லை வழியாக வரவில்லை அல்லவா. அதற்காக வீசா தேவையில்லை என்று ஆகிவிடாது. பத்தரமுல்லையில் ஸ்ரீ சுபூதிபுர வீதியிலுள்ள சுஹுருபாயக் கட்டிடத்தில்தான் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். அங்கே வீசாப் பிரிவில் பிள்ளையின் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் கடவுச்சீட்டும் வதிவிட வீசாவும் காட்டி, தங்கி வாழ்பவராகப் பிள்ளைக்கு வீசா பெற வேண்டும். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177ஆம் இலக்கக் கடுவல பஸ் பத்தரமுல்லை வழியாகப் போகும்.

டிக்கெட் எடுத்துவிட்டு, புறப்படும் வாரத்தில் இதை நினைத்துக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. கடவுச்சீட்டு வந்த கையோடு இதையும் முடித்துவிட்டு, அதன் பிறகு சென்னைக்கோ திருச்சிக்கோ டிக்கெட் போடுங்கள். பிள்ளையின் வீசா பெற்றோரின் வீசாவை ஒட்டியே நடக்கும். நிறுவனம் உங்கள் வீசாவைப் புதுப்பிக்கும்போது பிள்ளையின் கடவுச்சீட்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி மனிதவளப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். கோயில், நகைக்கடை போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு அப்படி ஒரு பிரிவு இருக்காது. அங்கே திகதிகளை நினைவில் வைப்பது உங்கள் பொறுப்பு.

உங்கள் நிலைமை வேறென்றால்

பெற்றோரில் ஒருவர் இலங்கையர், மற்றவர் இந்தியர் என்றால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் உரித்து உண்டு. இலங்கையில் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் தகப்பன் வழியாகத்தான் பிரஜாவுரிமை வந்தது. இப்போது தாய் வழியாகவும் வரும். ஆனால் முதலில் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டால், வேறு கடவுச்சீட்டு இல்லை என்ற உறுதிமொழியை உயர் ஸ்தானிகராலயத்தில் கொடுக்க முடியாது. எது வேண்டும் என்று கணவன் மனைவி இருவரும் பேசி முடிவெடுத்த பிறகே முதல் விண்ணப்பத்தைத் தொடுங்கள். இந்தியக் குடியுரிமையைப் பதிந்து, பிள்ளைக்கு மறு நாட்டின் பிரஜாவுரிமையும் இருக்குமானால், பதினெட்டு வயதாகி ஆறு மாதத்துக்குள் அந்த மறு பிரஜாவுரிமையைத் துறக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போய் மதுரையிலோ தஞ்சாவூரிலோ பிள்ளை பெற்று வந்தவர்களுக்கு மேலே சொன்ன தூதரகப் பதிவு தேவையில்லை. பிள்ளை இந்திய மண்ணில் பிறந்திருக்கிறது, தாய் தகப்பனும் இந்தியர். அங்கேயே பிறப்புச் சான்றிதழ் வாங்கி, கடவுச்சீட்டும் எடுத்து, இலங்கை வீசாவோடு வரலாம்.

இதற்கு எதிர்ப் பக்கத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. கட்டாரிலோ சென்னையிலோ பிள்ளை பெற்றுக்கொண்டு கொழும்புக்குத் திரும்பும் இலங்கைத் தமிழ்ப் பெற்றோர். அவர்களுக்கும் ஓராண்டுக் கணக்கு இருக்கிறது. பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ இங்கே திணைக்களத்திலோ பதிய வேண்டும். பிந்தினால் அனுமதி பெற்றுப் பதியலாம். அந்தப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். இரண்டுக்கும் போக வேண்டிய கட்டிடம் அதே சுஹுருபாயதான்.

ஐந்து ஆண்டுக்குப் பிறகு

கடவுச்சீட்டு காலாவதியாகிப் புதுப்பிக்கும் நாளில் நீங்கள் கொழும்பில் இருக்கலாம், கோயம்புத்தூரில் இருக்கலாம். எங்கிருந்தாலும் பிள்ளைக்கு இந்திய நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்பதால், அவன் அல்லது அவள் இந்தியக் குடியுரிமை பெற்றதற்கு அத்தாட்சி உயர் ஸ்தானிகராலயம் கொடுத்த பிறப்புப் பதிவுச் சான்றிதழ்தான். பழைய கடவுச்சீட்டு தொலைந்தாலும் சமாளிக்கலாம், இது தொலைந்தால் திண்டாட்டம். லேமினேட் செய்யாதீர்கள், செய்தால் பிறகு அதன்மேல் முத்திரையோ கையொப்பமோ வைக்க முடியாது. பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஒரு ஸ்கேன் பிரதியைக் கணவன் மனைவி இருவரின் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். அதோடு கொழும்புப் பிறப்புச் சான்றிதழின் கூடுதல் பிரதி ஒன்றும் மொழிபெயர்ப்பு ஒன்றும் சேர்ந்திருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.